கிட்ஹப்பின் ஆர்க்கைவ் பொத்தானும் டெபியனின் அநாதைப் பட்டியலும்: ஒரு ரங்கூன் அச்சுக்கடைக்காரனின் மதிப்பீடு

நிரல்களை எல்லாரும் பார்க்கும்படி வைக்கும் கிட்ஹப் தளத்தில், ஒரு திட்டம் ஓய்ந்தது என்று பூட்டிவைக்க 'ஆர்க்கைவ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை இதுவரை மூன்று தடவை அழுத்தியிருக்கிறேன். இரண்டு தடவை திரும்ப எடுத்துவிட்டேன். மூன்றாவது தடவை அழுத்தியது போன மாதம். அது இன்னும் அப்படியே இருக்கிறது. ஓய்ந்துபோன திறமூல மென்பொருளுக்கு (நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள்) எந்தப் பலகையை எங்கே மாட்டுவது என்று ஒரு வருடமாக அலைந்ததில், கையில் கிடைத்த எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டேன். வாஷிங் மெஷினுக்கு மதிப்பீடு எழுதுகிறார்கள், பிரியாணிக் கடைக்கு எழுதுகிறார்கள். இதற்கும் ஒருவன் எழுதட்டுமே.

மார்க் போட இவன் யார் என்று கேட்பீர்கள். ரங்கூனில் சின்னதாக ஓர் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். (பாஸ்போர்ட்டில் யாங்கோன் என்று இருக்கும், எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான்.) கல்யாணப் பத்திரிகை, தீமிதி நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம். மேல்பாதி தமிழ், கீழ்ப்பாதி பர்மியம். சம்பந்தி வீட்டாரில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் இரண்டும் வேண்டும்.

அந்த இரண்டு எழுத்துக்கும் ஒரே வியாதி இருந்தது. பழைய தமிழ்க் கோப்புகள் திஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் தமிழக அரசு 1999இல் அறிவித்த டாப்பில் இருக்கும். பர்மியக் கோப்புகள் ஸோஜியில் இருக்கும். ஸோஜி ஒரு தனிக் கதை. உலக எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் தரும் யூனிகோடு, பர்மிய எழுத்துக்கென்று ஒதுக்கிய அதே எண்களை எடுத்துக்கொண்டு, தன் இஷ்டத்துக்கு வேறு வடிவங்களை அவற்றில் உட்காரவைத்த எழுத்துரு அது. ஸோஜியில் அடித்ததை யூனிகோடு எழுத்துருவில் திறந்தால் காலும் கொம்பும் இடம் மாறி நிற்கும். ஆனாலும் பல வருடம் நாட்டில் பெரும்பாலோர் அதில்தான் எழுதினார்கள். 2019 அக்டோபர் 1 என்று நாள் குறித்துத்தான் நாடு யூனிகோடுக்கு மாறியது.

2016இல், இரவு நேரத்தில் பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொண்டு, இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் யூனிகோடாக்கும் ஒரு மாற்றியை எழுதினேன். நானூறு வரி இருக்கும். அழகான நிரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் அதைக் கிட்ஹப்பில் போட்டேன், பைத்தான் பொதிகள் (நிறுவத் தயாராகக் கட்டிய நிரல்கள்) வைக்கும் பைபிஐயிலும் ஏற்றினேன். 2019 டிசம்பரில் கடைசியாக ஒரு பிழையைத் திருத்தினேன். அப்புறம் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் வரவில்லை. திஸ்கி இனி மாறப்போவதில்லை, ஸோஜி இனி மாறப்போவதில்லை. பழைய எழுத்து எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்போது அதைப் படிக்கும் கருவி மட்டும் ஏன் மாற வேண்டும்?

போன வருடம் அக்கா மகள் கடைக்கு வந்திருந்தாள். கணினி வேலையில் இருக்கிறாள். மின்சாரம் இல்லாத நேரம். இன்வெர்ட்டரில் ஒரு கணினி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எதையோ தேடியவள், "மாமா, உங்க ரெப்போவுல பதினோரு பேர் கேள்வி கேட்டு வச்சிருக்காங்க. பாத்தீங்களா?" என்றாள்.

பார்க்கவில்லை. (ரெப்போ என்பது கிட்ஹப்பில் என் நிரல் இருக்கும் கிடங்கு.) அறிவிப்புகள் எல்லாம் நான் மறந்துபோன ஒரு பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. முதல் கேள்வி 2020இல் வந்தது. மலேசியாவில் ஒரு கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் 2021இல் கேட்டிருந்தார்: "ஐயா, இது உயிரோடு இருக்கிறதா?" அதற்குக் கீழே பிற்பாடு வேறொருவர், மூன்று வருடமாக அப்டேட் இல்லை, பயன்படுத்தாதீர்கள் என்று அவருக்குப் பதில் சொல்லியிருந்தார். எனக்கு அது கொஞ்சம் சுட்டது. அன்று காலையில்கூட அதே மாற்றியை வைத்துத்தான் ஒரு கல்யாணப் பத்திரிகை முடித்திருந்தேன்.

சரி, ஒரு பலகை மாட்டிவிடலாம் என்று முதலில் போனது ஆர்க்கைவ் பொத்தானிடம். 2017 நவம்பரில் வந்த வசதி இது. அழுத்தினால் ரெப்போ முழுக்கப் படிக்க மட்டும் என்றாகிவிடும்: நிரல், இஷ்யூ (பிறர் எழுதும் கேள்வி, பிழைப் புகார்), புல் ரிக்வெஸ்ட் (பிறர் அனுப்பும் திருத்தம்), விக்கி, கருத்துகள் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். ஃபோர்க் (தனிப் பிரதி) எடுத்துக்கொள்ளலாம், நட்சத்திரம் போடலாம். தலையில் ஒரு மஞ்சள் பட்டை வரும்: இந்த ரெப்போவை இதன் சொந்தக்காரர் இன்ன தேதியில் ஆர்க்கைவ் செய்தார், இனி படிக்க மட்டும்.

முதல் தடவை அழுத்தியபோது பதினோரு பேருக்கும் பதில் எழுதாமலேயே அழுத்திவிட்டேன். அப்புறம் பதில் எழுதப் போனால் பெட்டி திறக்கவில்லை. வாசலைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வணக்கம் சொல்ல முயன்ற கதை. திறந்தேன், எல்லாருக்கும் எழுதினேன், திரும்பப் பூட்டினேன். பூட்டியபிறகுதான் ரீட்மீயில் (முகப்பில் தெரியும் அறிமுகக் குறிப்பு) ஒரு வரிகூட மாற்றவில்லை என்று நினைவு வந்தது. மறுபடி திறந்தேன். இஷ்யூக்களை முடித்துவிட்டு, ரீட்மீயைத் திருத்திவிட்டு அப்புறம் பூட்டுங்கள் என்று உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். படிக்காதது என் தப்பு. புது அச்சு இயந்திரம் வாங்கினாலும் நான் கையேட்டைப் பிரிப்பதில்லை.

பொத்தான் நன்றாக வேலை செய்கிறது. நினைத்தால் திரும்ப எடுக்கலாம், தேதி காட்டுகிறது, தேடும்போது ஆர்க்கைவ் ஆனவற்றை வடிகட்டி ஒதுக்க முடிகிறது. ஆனால் அந்த மஞ்சள் பட்டையில் ஏன் என்பதற்கு இடம் இல்லை. கிட்ஹப்பே வளர்த்த ஆட்டம் என்ற நிரல் எழுதும் செயலியை 2022 டிசம்பர் 15ஆம் தேதி மூடினார்கள். அதன் தலையிலும் இதே பட்டைதான். அங்கே எத்தனை பேர் உழைப்பு, எத்தனை பேர் பயன்படுத்தியது. அதன் ஃபோர்க்காகப் பல்சர் என்று ஒன்று இப்போதும் ஓடுகிறது. அதற்கும் என் நானூறு வரிக்கும் ஒரே வாசகம். முடிந்துவிட்டது என்பதா, அலுத்துவிட்டது என்பதா, ஆபத்து தொடாதே என்பதா, பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டோம் என்பதா, பார்ப்பவனுக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் இது தினப்படிக் காட்சி. ஷட்டர் இறங்கியிருக்கும். மின்சாரம் இல்லாததால் இறங்கியதா, திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டு விடுமுறைக்கு இறங்கியதா, கடையையே காலி செய்துவிட்டுப் போய்விட்டார்களா என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. எதிர்க் கடையில் டீ குடிப்பவரைத்தான் கேட்க வேண்டும். பத்துக்கு ஆறு.

அந்த 'ஏன்' என்பதைச் சொல்ல ஒரு சொற்பட்டியலே இருக்கிறது: ரெப்போஸ்டேட்டஸ். எட்டு நிலைகள், எட்டு வில்லைகள் (நிலையைச் சொல்லும் சின்ன அடையாளப் படங்கள்). வேண்டியதை எடுத்து ரீட்மீயில் ஒட்டிக்கொள்ளலாம். இதில் நான் ரசித்தது, மற்றவர்கள் ஒரே மூட்டையில் கட்டுவதை இவர்கள் பிரித்துவைத்த விதம். பயன்படுத்தும் நிலைக்கு வந்து, இனி பெரிதாக வளர்க்கும் எண்ணம் இல்லை, நேரம் கிடைத்தால் உதவுவேன் என்றால் அது ஒரு சொல். நல்ல நிலையில்தான் இருக்கிறது, ஆனால் நான் கையை எடுத்துவிட்டேன், வேறு யாராவது வந்தால் நல்லது என்றால் இன்னொரு சொல். பயன்படும் நிலைக்கே வராமல் பாதியில் நின்றதற்குத்தான் 'கைவிடப்பட்டது'. பாதியில் நின்றாலும் திரும்பி வருவேன் என்றால் 'நிறுத்திவைக்கப்பட்டது'. வேறு இடத்துக்குப் போனதற்கும் ஒன்று உண்டு. கட்டி முடித்துக் குடிபோகாத வீடும், அஸ்திவாரத்தோடு நின்ற வீடும் ஒன்றா? நான் 'இன்ஆக்டிவ்' என்ற முதல் சொல்லை எடுத்து ஒட்டினேன்.

ஒட்டிவிட்டு மற்றவர்களின் ரெப்போக்களில் இந்த வில்லை எப்படி இருக்கிறது என்று ஓர் இரவு உட்கார்ந்து பார்த்தேன். பச்சை நிறத்தில் 'ஆக்டிவ்' என்று மாட்டியிருப்பார்கள். கடைசி மாற்றம் பல வருடத்துக்கு முன்னால் இருக்கும். பொய் சொல்லவேண்டும் என்று மாட்டியதில்லை. மாட்டிய அன்று அது உண்மை. அப்புறம் வேலை மாறியிருப்பார், குழந்தை பிறந்திருக்கும், உடம்புக்கு முடியாமல் போயிருக்கும், என்னைப் போல மின்னஞ்சலையே மறந்திருப்பார். வீட்டை விட்டுப் போனவர்தான் 'வீட்டில் இல்லை' என்று எழுதி மாட்ட வேண்டும் என்றால், பாதிப் பேர் மாட்டாமலேயே போய்விடுவார்கள். சொற்களுக்குப் பத்துக்கு ஒன்பது தருவேன், நடைமுறைக்கு நாலு.

பைபிஐயில் நிலைமை இன்னும் வேடிக்கையாக இருந்தது. அங்கே பொதியின் வளர்ச்சி நிலையைச் சொல்ல ஏழு படிகள் உண்டு. ஒன்று 'திட்டமிடல்', ஏழு 'செயலற்றது'. ஏழாம் எண்ணைப் போட ஆசைப்பட்டேன். ஆனால் அந்தக் குறிப்பு பொதியின் உள்ளேயே எழுதப்படுவது. மாற்ற வேண்டுமானால் புதிதாக ஒரு வெளியீடு போட வேண்டும். நான் ஓய்ந்துவிட்டேன் என்று சொல்ல, எழுந்து உட்கார்ந்து புதுப் பதிப்பு ஒன்று போட வேண்டும்! நல்லவேளையாக 2025 ஜனவரியில் பைபிஐ தனியாக ஆர்க்கைவ் வசதி கொண்டுவந்தது. பக்கத்துக்குள் போய் ஒரு தடவை உறுதி செய்தால் போதும். அதன்பிறகு புது வெளியீடு ஏற்ற முடியாது; ஏற்கெனவே இருப்பதை எப்போதும்போல நிறுவிக்கொள்ளலாம். பூட்டும் முன் கடைசியாக ஒரு பதிப்பு போட்டு, காரணத்தை அதில் எழுதுங்கள் என்று அவர்களும் ஆலோசனை சொல்கிறார்கள். நிறுத்துவதற்கும் அழிப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்கள் செய்த வேலை. பத்துக்கு ஏழரை.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் நான் அதிகம் போனதில்லை. அக்கா மகள் காட்டியதைச் சொல்கிறேன். என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொதிக் களஞ்சியத்தில் ஒரு பொதியை 'வழக்கொழிந்தது' என்று குறித்தால், அதை நிறுவுகிறவரின் திரையிலேயே எச்சரிக்கை வந்துவிடும். யாரும் வந்து பார்க்காத பக்கத்தில் மஞ்சள் பட்டை மாட்டுவதைவிட, பொருளை வாங்குகிறவன் கையில் சீட்டைக் கொடுப்பது எவ்வளவோ மேல். 2020 பிப்ரவரியில் 'ரிக்வெஸ்ட்' என்ற பிரபலமான பொதியை அப்படிக் குறித்தார்கள். பிஎச்பி மொழிக்காரர்களின் களஞ்சியமான பேக்கஜிஸ்ட் ஒரு படி மேலே போய், கைவிட்ட பொதிக்குப் பதில் எதை எடுக்கலாம் என்று எழுதவும் இடம் கொடுத்திருக்கிறது. இந்தக் கடை மூடிவிட்டது, மூன்றாவது கடைக்குப் போங்கள். இதைவிட வேறென்ன வேண்டும்?

இயந்திரமே மாட்டும் பலகையும் உண்டு. இணையதளம் கட்டும் வேர்ட்பிரஸுக்கான செருகுநிரல் ஒன்றை, கடைசி மூன்று பெரிய வெளியீடுகளோடு சோதித்துப் பார்த்ததாக அதன் ஆசிரியர் குறிக்காவிட்டால், அதன் பக்கத்தில் தானாக ஓர் எச்சரிக்கை தொங்கும். போனவர் திரும்பி வந்து மாட்ட வேண்டியதில்லை, கடிகாரம் மாட்டிவிடும். இணையத்தில் நேரடியாக நிற்கும் செருகுநிரலுக்கு அது சரிதான். யார் வேண்டுமானாலும் வந்து தட்டிப் பார்க்கும் கதவு அது, பூட்டை அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும். படக் கோப்பைப் பிரிக்கும் நிரல், கடவுச்சொல்லைக் கையாளும் நிரல் எல்லாம் இந்த வகை. ஆனால் இதே கடிகாரத்தை என் மாற்றிக்கு வைத்தால் அது செத்துவிட்டது என்று தீர்ப்பு வரும். கல்வெட்டைப் பார்த்து, 'ஆயிரம் வருடமாக அப்டேட் இல்லை' என்று சொல்வதுபோல.

இந்த வித்தியாசத்தை மனிதர்கள் எழுத்தில் அழகாகச் சொன்ன ஓர் இடம் உண்டு. தேதி, நேரம் கையாளும் மொமென்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் ஆட்கள் 2020 செப்டம்பரில் ஓர் அறிவிப்பு போட்டார்கள். சாரம் இதுதான்: இது சாகவில்லை, ஆனால் முடிந்துவிட்டது. புது வசதி எதுவும் சேர்க்கமாட்டோம். ஏன் என்பதற்குக் காரணம் இது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் லக்ஸான், டேஜேஎஸ் போன்றவற்றைப் பாருங்கள். நிலை, காரணம், போகவேண்டிய இடம், மூன்றும் ஒரே பக்கத்தில். பொத்தானும் இல்லை, வில்லையும் இல்லை. உட்கார்ந்து எழுதிய நாலு பத்தி. நான் பார்த்ததில் ஆகச் சிறந்த பலகை.

இனி டெபியன், லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று. இதற்குத்தான் அதிகம் எழுத வேண்டும்.

என் கடைக் கணினிகள் பழசு. அவற்றில் டெபியன்தான் ஓடுகிறது. பத்திரிகைகளை இங்க்ஸ்கேப்பில் வரைகிறேன். டெபியனில் ஒரு பொதியைப் பராமரிப்பவர் தளரும்போது அதைச் சொல்லப் பல படிகள் வைத்திருக்கிறார்கள். முதல் படி, 'எனக்கு உதவி வேண்டும்'. அடுத்தது, 'இதை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன்'. மூன்றாவது, 'அநாதை': இன்று முதல் என் பொறுப்பில்லை. அப்படி அநாதையானதும் பொறுப்பாளர் பெயர் இருக்கும் இடத்தில் தரக்குழுவின் பெயர் வந்துவிடும், அவசரப் பிழையை டெபியன் உருவாக்குநர் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். கவனித்தீர்களா, கதவு மூடும் முன்னாலேயே சொல்வதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. கிட்ஹப்பில் எனக்கு இருந்தது இரண்டே நிலைதான்: திறந்த கடை, பூட்டிய கடை. 2018 வாக்கில் எனக்குக் கொஞ்சம் சலிப்பு வந்தபோது 'ஒரு கை கொடுங்களேன்' என்று சொல்ல ஒரு சொல் கிடைத்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அதைவிடப் பெரிய விஷயம், பொறுப்பாளர் சொல்லாமல் காணாமல் போனாலும் டெபியனில் வழி உண்டு. காணாமல் போனவர்களைத் தேடி எழுதிக் கேட்க ஒரு குழுவே இருக்கிறது. 2018 முதல் 'மீட்பு' என்று ஒரு விதியும் உண்டு. ஒரு பொதிக்கு வேலை தேவைப்படுகிறது, பொறுப்பாளரிடமிருந்து நீண்ட நாள் சத்தமே இல்லை என்றால், அதை எடுத்துக்கொள்ள விரும்புகிறவர் எல்லாரும் பார்க்கும் இடத்தில் அறிவிப்பு போட வேண்டும். இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். அதன்பிறகும் புதுப் பதிப்பு உடனே உள்ளே போகாது; இன்னும் ஏழு நாள் வரிசையில் நிற்கும். இந்த நாட்களுக்குள் பழையவர் வந்து 'நான் இருக்கிறேனப்பா' என்றால் போதும், எல்லாம் நின்றுவிடும். ஊரில் ஆளில்லாத வீட்டுக்கு வாசலில் நோட்டீஸ் ஒட்டி, தண்டோரா போட்டு, நாள் கொடுத்துக் கதவைத் திறப்பதுபோல. போனவரை அவமானப்படுத்தாமல், இருப்பவர்கள் பலகை மாட்டுகிறார்கள். இந்த ஒழுங்கை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இன்னொரு சின்னக் கருவியையும் சொல்ல வேண்டும். டெபியனில் 'டபிள்யூஎன்பிபி-அலர்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஓட்டினால், உங்கள் கணினியில் நிறுவியிருப்பவற்றில் எவை அநாதை, எவற்றுக்கு உதவி தேவை என்று பட்டியல் தரும். மின்சாரம் வந்து, பக்கத்துக் கட்டடத்துப் பிள்ளைகள் 'மீ லாபீ' என்று கத்திய ஒரு மாலை நேரத்தில் அதை ஓட்டினேன். ஏழு பெயர் வந்தது. அதில் இரண்டை நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஒரு வருடமாக என் மாற்றியை யாரும் மதிக்கவில்லை என்று வருத்தப்பட்டவன், நான் தின்னும் சோற்றை ஆக்கியவர் யார் என்று கேட்டதே இல்லை. பத்துக்கு ஒன்பதரை. அரை மார்க் குறைத்தது, பிழை அறிக்கையை மின்னஞ்சலில் ஒரு கணக்கு வழக்காக எழுத வைப்பதற்கு. நாலு தடவை தப்பாக அனுப்பினேன்.

ஆதரவு என்று வந்தால் எல்லாரும் பணத்தைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். பெரிய மென்பொருளுக்கு அது தேவைதான். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபிறகுதான் உலகம் முழுக்க நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலுக்கு ஆள் போதவில்லை என்பது வெளியே தெரிந்தது. ஜெர்மனி 2022இல் இதற்கென்றே ஓர் அரசு நிதி தொடங்கியது. என்னைப் போன்ற நானூறு வரிக்காரனுக்குப் பணம் ஒரு பிரச்சினையே இல்லை. சாவியை யாரிடம் கொடுப்பது என்பதுதான் பிரச்சினை.

ஏனென்றால் சாவி கேட்டு ஒருவர் வந்தார். நான் இரண்டாவது தடவை திறந்து வைத்திருந்த வாரத்தில் ஒரு மின்னஞ்சல். நல்ல மரியாதையான கடிதம். உங்கள் மாற்றி அருமை, நானே தொடர்ந்து பார்த்துக்கொள்கிறேன், பைபிஐயில் ஏற்றும் உரிமையை மட்டும் எனக்குத் தாருங்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அருமை என்கிறார். கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அக்கா மகள் அந்த ஆளின் கணக்கைத் திறந்து பார்த்தாள். அந்த மாதம்தான் தொடங்கியது. வேறு ஒரு வேலையும் அதில் இல்லை. "மாமா, ஈவன்ட்-ஸ்ட்ரீம் கதை தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

தெரியாது. 2018இல் நடந்தது. ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற பொதியை எழுதியவர் அதைத் தான் பயன்படுத்துவதையே நிறுத்திப் பல நாளாகியிருந்தது. ஒருவர் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினார். இவரும் உரிமையைக் கொடுத்துவிட்டார். புதியவர் இன்னொரு சின்னப் பொதியை அதோடு இணைத்து, அதற்குள் ஒரு குறிப்பிட்ட பிட்காயின் பணப்பையிலிருந்து திருடும் நிரலை ஒளித்துவைத்தார். நவம்பரில்தான் அது வெளியே தெரிந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரலின் கதை இன்னும் பொறுமையானது. தனியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மனச்சோர்வில் இருக்கிறேன் என்று சொல்லும் அளவுக்குத் தளர்ந்திருந்தார். ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறு ஆளிடம் கொடுங்கள் என்று 2022இல் சிலர் நச்சரித்தார்கள். ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினிக்குள் நுழைவது அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் 2024 மார்ச் 29 அன்று அதை வெளியே சொன்னார்.

என் மாற்றியில் திருட என்ன இருக்கிறது என்று கேட்டேன். "நூறு கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர் இருக்குல்ல, மாமா" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கடிதக்காரருக்கு எழுதினேன்: ஃபோர்க் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பெயரில் நடத்துங்கள், ஆறு மாதம் நன்றாக ஓடினால் என் ரீட்மீயிலிருந்து அதற்கு வழி காட்டுகிறேன். பதில் வரவில்லை. அவர் திருடன் என்று சொல்லமாட்டேன். ஆர்வக்கோளாறு உள்ள ஒரு மாணவராகவும் இருந்திருக்கலாம், நான் அவர் மனதை நோகடித்திருக்கலாம். இந்த இடத்தில் என்ன செய்வது என்று கிட்ஹப் பொத்தானோ பைபிஐ பொத்தானோ எனக்கு எதுவும் சொல்லாது. டெபியனில் புதிதாக வருகிறவர் நேரே சாவியை வாங்க முடியாது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் அவர் வேலையைப் பார்த்து, தன் பொறுப்பில் ஏற்ற வேண்டும். பெர்ல் மொழிக்காரர்களின் சிபான் களஞ்சியத்தில் 'தத்தெடு', 'ஒப்படைக்கிறேன்', 'உதவி தேவை' என்று மூன்று போலிப் பயனர் பெயர்களை வைத்து, பொதியோடு அந்தப் பெயரைச் சேர்த்துவிடுகிறார்கள். எளிமையான ஏற்பாடு. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையிடம் 2008 முதல் ஒரு பரண் இருக்கிறது; பெயரே பரண்தான். ஓய்ந்த திட்டங்களை அங்கே ஏற்றிவைக்கிறார்கள், வேண்டியவர் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். பெரிய வீட்டுக்குத்தான் பரண் இருக்கும், நம் ஒற்றை அறைக்கு ஏது?

ஒற்றை அறைக்காரர்களுக்கு ஒன்று இருக்கிறது: பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ். ரெப்போவின் முகவரியைக் கொடுத்து 'சேமி' என்று கேட்டால் வரலாற்றோடு முழுவதையும் எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். காசு கிடையாது. கிட்ஹப் போல இருந்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடியது ஞாபகம் இருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். என் நானூறு வரி இப்போது பாரிஸில் பத்திரமாக இருக்கிறது. நான்தான் இன்னும் அங்கே போனதில்லை.

கடைசியில் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அக்கா மகளைப் பைபிஐயில் இரண்டாவது உரிமையாளராகச் சேர்த்தேன். ரீட்மீயின் தலையில் தமிழிலும் பர்மியத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினேன்: 'இந்த மாற்றி முடிந்துவிட்டது. திஸ்கி, டாப், ஸோஜி மூன்றையும் யூனிகோடாக்கும். பாமினியும் மற்ற எழுத்துருக்களும் இதற்குத் தெரியாது. கடைசியாக இன்ன தேதியில், பைத்தானின் இன்ன பதிப்பில் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. இணையத்தோடு இதற்குத் தொடர்பு கிடையாது. இனி வசதி சேர்க்கமாட்டேன். வேண்டுமானால் ஃபோர்க் எடுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கிறது. கேள்வி இருந்தால் இந்த முகவரிக்கு எழுதுங்கள், மின்சாரம் இருக்கும் நேரத்தில் பதில் வரும்.' அப்புறம் மூன்றாவது தடவையாகப் பொத்தானை அழுத்தினேன். மொத்தம் ஒரு மாலை நேர வேலை. 2019லேயே செய்திருக்கலாம்.

மலேசியக் கோயில்காரர் போன வாரம் எழுதியிருந்தார். அவர் கையில் இருந்தது பாமினியில் அடித்த கோயில் வரலாறு. பாமினிக்கு வேறு மாற்றிகள் அன்றைக்கே நிறைய இருந்தன. என் ரீட்மீயில் அந்த ஒரு வரி அன்று இருந்திருந்தால் அங்கே போயிருப்பார். என் பதிலுக்காகக் கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு, நாற்பது பக்கத்தையும் திரும்பத் தட்டச்சு செய்து முடித்துவிட்டாராம்.